மொரிஸ் மைனரின் சிவப்பு விளக்கு

"இன்னொருக்கா மிதிங்க," என்று காருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அபுல் ஹஸன் பிரேக்கை மிதித்தான்.

"மிதிச்சாச்சா?"

"ஓம்."

"எரியுதில்லயே தம்பி."

குரலுக்குச் சொந்தக்காரர் சம்மாந்துறையில் நெல் மில் வைத்திருக்கும் ஷரிபுதீன் ஹாஜியார். காரை வாங்குவதற்காகக் காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவுகளைத் திறந்து மூடினார். டயரை உதைத்தார். பொனட்டுக்குள் தலையை விட்டு, கறிச்சட்டியை மணப்பதுபோல எஞ்சினை மணந்து பார்த்தார். எல்லாம் பிடித்திருந்தது. கடைசியாகப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு இந்த மிதிப்பைத் தொடங்கியிருந்தார்.

"அது சின்ன விசயம் ஹாஜியார்."

"உங்களுக்குச் சின்ன விசயம். எங்கட ரோட்டுல வெள்ளாமை வெட்டு நாளையில முன்னுக்கும் பின்னுக்கும் ட்ரெக்டர்தான். அவனுகள்ட்ட பிரேக் இல்ல. நான் நிக்கப் போறன் எண்டாவது அவனுகளுக்குத் தெரிய வேணுமா இல்லயா? போன வருசம் ஒருத்தன் என்ட பழைய காருக்குப் பின்னால ஏறி டிக்கிக்குள்ள வந்து நிண்டான். நிண்டுட்டு சலாம் சொல்றான்."

அவர் எழும்பி இடுப்புச் சாரத்தைத் தட்டினார்.

"லைட்ட எரிய வைங்க. மாசக் கடைசியில வாறன். எரிஞ்சா அண்டைக்கே சாவிய எடுத்துட்டுப் போயிருவன். எரியாட்டி தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்."

மாசக் கடைசி அபுல் ஹஸனுக்கும் கடைசிதான். நீர்ப்பாசனக் கந்தோரில் கோப்பு எழுதும் லிகிதர் வேலை. அநுராதபுரத்துக்கு மாற்றம் கேட்டு எழுதியிருந்தான்; கேட்டதே மறந்துபோன பிறகு அது கிடைத்தது. முதலாம் திகதி அங்கே நிற்க வேண்டும்.

இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணோடு சேர்ந்தது. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை தேடிப் போவார்கள். பார்த்து, விசாரித்து, மனம் பிடித்தால் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து பெண் வீட்டில் இறங்குவார். அப்படித்தான் அவனும் ஸைனம்புவின் வீட்டில் இறங்கினான். ஸைனம்பு காய்ச்சலில் மௌத்தாகி ஒன்றரை வருடம். இப்போது அவளுடைய தங்கைக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. புது மாப்பிள்ளை பெட்டியோடு வருவதற்கு முன் பழைய மாப்பிள்ளை பெட்டியோடு போய்விட வேண்டும். யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. மாமி ஆமினா உம்மா சொல்லக்கூடியவரும் அல்ல. ஆனால் ஒரு வீட்டில் எத்தனை பெட்டிக்கு இடம் இருக்கிறது என்று பெட்டிக்காரனுக்கே தெரியும்.

மிச்சம் இருந்தது கார். ஸைனம்புவின் வாப்பா கலியாணத்துக்குக் கொடுத்த கருநீல மொரிஸ் மைனர். அதை அநுராதபுரத்துக்கு ஓட்டிப் போக அவனுக்கு விருப்பமில்லை; இடப்பக்க ஆசனம் அவ்வளவு தூரமும் வெறுமையாகக் கூடவே வரும். விட்டுப் போனாலும் அது ஒரு சாட்டாகி அவனை மறுபடி மறுபடி ஊருக்கு இழுக்கும். விற்றால் முடிந்தது. போகலாம்.

விற்பதற்காகக் கழுவித் துடைத்தபோது டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த தட்டில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. மற்ற எல்லாவற்றையும் எடுத்தான். அதை எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. அதைச் சுற்றித் தட்டைத் துடைத்தான்.

"பிரேக் லைட்டா?" என்றார் மாமி, அரிசி களைந்துகொண்டே. "சாய்ந்தமருதுல காலிதீன்ட்டக் கொண்டு போங்க மகன்."

"கல்முனையிலயே கராஜ் இரிக்கிதானே மாமி."

"அது வெறும் கராஜ். காலிதீன் நல்ல குடும்பம்."

பிரேக் லைட்டுக்குக் குடும்பம் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதிலை நின்று கேட்க வேண்டும்.

*

காலிதீனின் கராஜ் என்பது அவர் வீட்டுப் பின்வளவு. ஒரு மாமரம், கழற்றிப் போட்ட ஒரு லொறி, உட்கார ஒரு வாங்கு. வாங்குக்கு நேரெதிரே வீட்டின் பின்கதவு. கதவில் பூப்போட்ட திரை. காலிதீன் நாற்பதைத் தொட்ட மனிதர். காருக்கு அடியில் போனால் தலையும் கையும் உள்ளே போகும்; வயிறு வெளியே காவல் நிற்கும்.

"சுவிட்ச் போயிட்டு தம்பி," என்றார் அடியிலிருந்து. "பிரேக் எண்ணெய்க் குழாய்ல திருகியிரிக்கிற சின்னச் சாமான். நீங்க மிதிச்சா எண்ணெய் அதப் போய் அமத்தும். உள்ளுக்குத் தகடு முட்டும். லைட் பத்தும். கடல்காத்து தகட்டத் திண்டிட்டு."

"மாத்த ஏலுமா காக்கா?" என்றான், மூத்தவர் என்ற மரியாதையில்.

"புதுசு கொழும்புல இருந்து வர வேணும். பஸ்ஸில பார்சல் போடச் சொல்றன். அதுவரைக்கும் இதக் கழட்டிச் சுரண்டிப் போடுவம். வயரும் உக்கிப் போயிரிக்கி. பெட்டரியில இருந்து நேரா ஒண்டு இழுத்து விடுறன்."

"கெதியா முடியுமா?"

"என்ன அவசரம்? இரிங்க. உம்மா, தம்பிக்குத் தேத்தண்ணி."

திரைக்கு அப்பால் "ஸகியா" என்று யாரோ கூப்பிட்டார்கள். வளையல் சத்தம் கேட்டது. கோப்பையைக் கொண்டுவந்தவர் காலிதீனின் உம்மா, சுலைஹா உம்மா. வெற்றிலை போட்ட வாய், முக்காட்டுக்குள் கூர்மையான கண். கோப்பையைக் கொடுத்துவிட்டு அவர் போகவில்லை. வாங்கின் மறுநுனியில் உட்கார்ந்து அவனைப் பார்த்தார்.

"கந்தோர்ல எழுதுற வேலையா மகன்?"

"ஓம்."

"கண் பார்வை நல்லமா?"

"நல்லம்."

"சீனி வருத்தம், கீனி வருத்தம்?"

"இல்ல."

"பல்லெல்லாம் சொந்தம்தானே?"

"ஓம்."

கார் திருத்த வந்த இடத்தில் பல்லைக் கேட்கிறார்களே என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதை அங்கேயே விட்டுவிட்டான்.

அன்று பின்னேரம் விளக்கு எரிந்தது. அழகாக, மாதுளம் விதை நிறத்தில் எரிந்தது. ஒரே குறை, அது அணையவில்லை. மறுநாள் காலையில் அவன் முற்றத்துக்கு வந்தபோது காரின் பின்னால் இருந்த மதிலில் ஒரு மங்கிய சிவப்பு விழுந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போய்விட்டது. பெட்டரி அதோடு செத்தது.

தெருவே கூடித் தள்ளியது. சந்தை முகப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தள்ளியவர்களில் ஒருவரின் சாரம் பம்பரில் மாட்டியிருந்ததால் சாரமும் காரோடு புறப்பட்டது. அபுல் ஹஸன் கண்ணாடியில் அதைக் கண்டு நிறுத்தி, இறங்கி, வேலிக்குப் பின்னால் குந்தியிருந்த மனிதரிடம் சாரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு நேரே காலிதீனிடம் போனான்.

"பத்தினது நூரல்ல," என்றான்.

"அப்பிடியா? தகடு ஒட்டிக்கிட்டுப் போல." காலிதீன் கையைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தார். "சந்தைக்குள்ள சாரக் கதை நடந்ததாமே. உங்களுக்கு என்னய ஏசணும் போல வரல்லயா?"

"ஏசினா லைட் நூருமா?"

காலிதீன் திரைப்பக்கம் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கொழும்புப் பார்சல் வந்தா?"

"இன்னும் வரல்ல தம்பி."

*

அடுத்த வைத்தியம் லொறியிலிருந்து வந்தது. கழற்றிப் போட்டிருந்த லொறியின் சுவிட்ச்சை எடுத்து, மொரிஸ் மைனரின் குழாயில் நூல் சுற்றித் திருகினார் காலிதீன்.

"பிரேக் கொஞ்சம் பஞ்சு மாதிரி இரிக்கும்," என்றார். "குழாய்க்குள்ள காத்துப் போயிரிக்கி. ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் மிதிச்சா நிக்கும். மெதுவா ஓட்டுங்க."

அபுல் ஹஸன் மெதுவாகத்தான் ஓட்டினான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்திவிட்டது. பள்ளிவாசல் வளவுக்குள் திருப்பி, ஒரு தரம் மிதித்தான். கால் தரைவரை போனது. இரண்டாம் தரம் மிதித்தான். இன்னும் கொஞ்சம் போனது. மூன்றாம் தரத்துக்குள் கார் பள்ளிப் படிக்கு முன்னால் கழற்றி அடுக்கியிருந்த செருப்புகளின் மேல் ஏறி, அவற்றை வாரி, ஒரே குவியலாக்கிச் சுவரோரம் தள்ளிக் களைப்பாக நின்றது.

உள்ளே குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. அவன் இறங்கிச் செருப்புகளைச் சோடி சேர்க்கத் தொடங்கினான். ஊரில் பாதிப்பேருக்கு ஒரே கடையில், ஒரே அச்சில் வாங்கிய ரப்பர் செருப்பு. இடதும் வலதும் பிரித்தான். பெரிதும் சிறிதும் பிரித்தான். தேய்ந்ததைத் தேய்ந்ததோடு வைத்தான். தொழுகைக்கு ஓடிப்போய் நின்று சலாம் கொடுத்துத் திரும்பி வந்தபோது வளவு முழுக்க ஒற்றைக்கால் மனிதர்கள்.

"இது என்ட இல்ல. என்ட செருப்புல சாணி இரிந்த."

"மச்சான், நீங்க போட்டிரிக்கிறது ரெண்டும் இடது."

"ஆர்ரா அவன் பள்ளிக்குள்ள ரேஸ் ஓடினவன்?"

அவனை நோக்கி எல்லாரும் சேர்ந்து ஏசினார்கள். படித்தவன் என்றார்கள், பிறகு படித்தவனா என்றார்கள். அவன் நின்று கேட்டான். "மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று இடைக்கிடை சொன்னான். ஏசியவர்களுக்கே அலுத்துவிட்டது.

"இந்த மனிசன்ல ஏச்சும் ஒட்டுதில்ல," என்றார் ஒருவர், இரண்டு வலதுகால் செருப்போடு நடந்துகொண்டே.

காலிதீனுக்குச் செய்தி அவனுக்கு முன்னால் வந்திருந்தது. வாங்கில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

தேத்தண்ணி உப்பாக இருந்தது. கொஞ்ச உப்பு அல்ல. கடல் தண்ணியில் சாயம் போட்டதுபோல இருந்தது. சீனிப் போத்தலுக்குப் பதில் உப்புப் போத்தலில் கை போயிருக்கும் என்று நினைத்தான். சொன்னால் அவர்கள் பதறுவார்கள், வேறு ஊற்றுவார்கள், அதையும் குடிக்க வேண்டும். அடிவரை குடித்துக் கோப்பையை வைத்தான்.

"தேத்தண்ணி எப்பிடி மகன்?" என்றார் சுலைஹா உம்மா.

"நல்லம்."

"சீனி காணுமா?"

"காணும்."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. சுலைஹா உம்மா வெற்றிலைத் துப்பலை மாமரத்து வேரில் துப்பிவிட்டு, மையித்து வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டு எழுந்து போகிறவரைப்போல உள்ளே போனார்.

"பார்சல் வந்தா காக்கா?"

"பஸ் வந்திரிக்கி தம்பி. பார்சல்தான் வரல்ல."

*

குழாயை இனித் தொடுவதில்லை என்று காலிதீன் முடிவெடுத்தார். காற்றை வெளியேற்றி, துவாரத்தை அடைத்து, பிரேக்கைப் பழையபடி இறுக்கமாக்கிக் கொடுத்தார். சுவிட்ச்சுக்கு வேறு வழி. ட்ரெக்டர் ஒன்றில் கிடந்த இழுவைச் சுவிட்ச்சைப் பிரேக் மிதிக்குப் பக்கத்தில் பூட்டி, தையல் மெசின் ஸ்பிரிங் ஒன்றால் மிதியோடு தொடுத்தார். மிதித்தால் ஸ்பிரிங் இழுக்கும், சுவிட்ச் முட்டும், விளக்கு எரியும்.

எரிந்தது. விட்டால் அணைந்தது. கூடவே ஒவ்வொரு மிதிப்புக்கும் ஹோர்னும் அடித்தது.

"வயரு ரெண்டும் எங்கயோ கொழுவிக்கிட்டு," என்றார் காலிதீன் தலையைச் சொறிந்து. "நாளைக்குப் பாப்பம். இண்டைக்கு உங்களால ஒரு சின்ன உதவி வேணும். உம்மா இறக்காமத்துக்குப் போகணும். அங்க எங்கட மாமாட வெள்ளாம. நெல்லுப் பாக்க வேணுமாம். என்ட லொறி கிடக்கிற கிடையப் பாக்கிறீங்கதானே."

காரைத் திருத்த வந்தவனிடமே காரைக் கேட்கிறார். அபுல் ஹஸன் கதவைத் திறந்துவிட்டான்.

காரைதீவுச் சந்தியில் மாடு குறுக்கே வந்தது, மிதித்தான், ஹோர்ன் அடித்தது. மாடு நகரவில்லை, கடைக்காரர்கள் எல்லாரும் எழும்பிப் பார்த்தார்கள். சம்மாந்துறையில் நெல்லுக் காயப்போட்டிருந்த ரோட்டில் ஒவ்வொரு பாய்க்கும் மிதித்தான். ஒவ்வொரு பாய்க்காரியும் தனக்கென்றே அடித்ததாக நினைத்து அகப்பையோடு வேலிக்கு வந்தாள். பின் ஆசனத்தில் சுலைஹா உம்மா வாயைத் திறக்காமல் வந்தார். அவர் பார்வை மட்டும் கண்ணாடியில் அவன் முகத்தை விட்டு விலகவில்லை.

நெல் பார்த்துத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. குளக்கட்டுத் திருப்பத்தில் நடுரோட்டில் ஒரு யானை நின்றது. பெரிய கொம்பன். வாயில் யாரோ ஒருவரின் வெள்ளாமையில் பிடுங்கிய ஒரு பிடி நெல்.

அவன் கால் மிதியில் பட்டது. ஹோர்ன் "பாம்" என்றது. யானை காதை விரித்தது.

காலை எடுத்தான். ஹோர்ன் நின்றது. ஆனால் கார் உருண்டது. கட்டு இறக்கம். மிதித்தால் யானைக்குக் கோபம் வரும். மிதிக்காவிட்டால் யானையிடமே போய்ச் சேரும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் இதை ஆறுதலாக யோசித்தான். பின்னால் "லாயிலாஹ" என்று தொடங்கிய குரல் பாதியில் நின்றுவிட்டது. யானையின் முன்காலில் இருந்த நகங்கள் தெரியும் தூரத்தில் அவன் கை தானாகப் போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. கார் நின்றது. யானை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, இவனோடு மினக்கெட்டு வேலையில்லை என்பதுபோல, நெல்லை மென்றுகொண்டு குளத்துப் பக்கம் இறங்கிப் போனது.

வெகுதூரம் வந்தபிறகுதான் சுலைஹா உம்மாவுக்குக் குரல் வந்தது.

"உங்களுக்குப் பயம் வரல்லயா மகன்?"

"வரல்ல."

"என்ட மகன் ஹோர்னையும் பிரேக்கையும் ஒண்டாக் கொழுவி உங்கள ஆனைக்கு முன்னால கொண்டுபோய் விட்டிரிக்கான். அவன்ல கோவமாவது வரல்லயா?"

"தெரிஞ்சா செஞ்சார்?"

அவர் பெருமூச்சு விட்டார்.

"எங்கட ஊட்டுக்காரர் இரிக்கிற நாளையில," என்றார் வெளியே பார்த்துக்கொண்டு, "கறி ஆணத்துல உப்புக் கூடினா கோப்பை பறக்கும். நானும் விடமாட்டன், திருப்பி எறிவன். பொறகு ரெண்டு பேரும் பொறுக்குவம். ஊடெண்டா ஒரு சத்தம் வேணும் மகன். சத்தமில்லாட்டி மையித்து அடக்கிற மையவாடிக்கும் ஊட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

வீட்டில் சத்தம் இருந்த காலம் அவனுக்கும் தெரியும். ஸைனம்பு கார் ஓடும்போதே கொண்டையைக் கழற்றிக் கட்டுவாள். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுவாள். ஒரு சொல் விளங்காது. அவன் ஏசுவான்.

சந்தியில் மிதித்தான். ஹோர்ன் அடித்தது.

*

மாசக் கடைசி வந்தது. பெட்டியைக் கட்டி டிக்கியில் வைத்துக்கொண்டுதான் அவன் சாய்ந்தமருதுக்குப் போனான். ஷரிபுதீன் ஹாஜியாரை அங்கேயே வரச் சொல்லியிருந்தான். சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு அங்கிருந்தே பஸ் ஏறிவிடலாம். மாமியிடம் விடை கேட்டபோது, "காலிதீன்ட்டப் போயிட்டுத்தானே போறீங்க?" என்று மட்டும் கேட்டார். வழியனுப்புகிற முகமாக அது இல்லை.

பகல் முழுக்க காலிதீன் காருக்குள்ளேயே கிடந்தார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டியிருந்தன. அபுல் ஹஸன் வாங்கில் இருந்தான். கோப்பை வந்தது. உப்பு, முந்தியதைவிடக் கூட. குடித்தான்.

பின்னேரம் ஹாஜியார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன, எரியுதா? இல்ல தேத்தண்ணிதானா?"

"பின்னுக்குப் போய் நில்லுங்க ஹாஜியார்," என்றது காருக்குள்ளிருந்து காலிதீனின் குரல்.

காலிதீன் மிதித்தார். விளக்கு எரிந்தது. விட்டார், அணைந்தது. மறுபடி மிதித்தார், எரிந்தது. ஹோர்ன் வாயைத் திறக்கவில்லை. ஹாஜியார் குந்தியிருந்து பத்துத் தரம் மிதிக்கச் சொன்னார். பத்துத் தரமும் எரிந்தது. எழும்பி, அபுல் ஹஸனின் முதுகில் தட்டினார்.

"முடிஞ்சி. சாவியத் தாங்க தம்பி. ட்ரெக்டர்காரனுகள நான் பாத்துக்கொள்றன்."

முடிந்தது. அபுல் ஹஸனுக்குச் சந்தோசம் வரவில்லை, கவலையும் வரவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தான். சாவியை நீட்டிக்கொண்டே, கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டான்.

"கடைசியில பார்சல் வந்திட்டா காக்கா?"

"எங்க வந்த?" காலிதீன் வெளியே வந்து இடுப்பை நிமிர்த்தினார். "அந்தப் பழைய சுவிட்ச்சத்தான் திரும்பப் பூட்டினன். தகடு தேஞ்சதுக்கு ஒரு கம்பித் துண்டு வச்சா முட்டும் எண்டு யோசன வந்த. கம்பிக்கு எங்க போற? பாத்தா, இஞ்ச தட்டுல ஒரு கொண்ட ஊசி சும்மா கிடந்த. எடுத்து வளைச்சு உள்ளுக்கு வச்சன். பத்திட்டு."

அபுல் ஹஸனின் கை நீட்டியபடியே நின்றது. ஹாஜியார் சாவியின் ஒரு நுனியைப் பிடித்திருந்தார்.

"கழட்டுங்க," என்றான்.

"என்ன?"

"அந்த ஊசியக் கழட்டுங்க."

"கழட்டினா எரியாதே தம்பி."

"எரிய வேணாம்."

"ஹாஜியார் சாவி எடுக்க வந்திரிக்கார். இப்பதான்..."

"எரிய வேணாம் எண்டு சொல்றன்!"

மாமரத்திலிருந்து காகம் ஒன்று பறந்தது. அந்தச் சத்தம் தன்னுடையதுதான் என்று அவனுக்குத் தெரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தெரிந்தபிறகும் அது நிற்கவில்லை.

"ஆரக் கேட்டு அத எடுத்த நீ? காரும் வேணாம், லைட்டும் வேணாம். நான் விக்கவும் இல்ல, போகவும் இல்ல. அந்த ஊசியத் தா. இந்த மாசம் முழுக்க எனக்கு நீ செஞ்சது என்ன? பெட்டரியச் சாகடிச்ச. ஒரு மனிசன்ட சாரத்த உரிஞ்சி எடுத்த. பள்ளிவாசல்ல ஊருக்கே செருப்பு மாத்திவிட்ட. ஆனைக்கு முன்னால கொண்டு போய் ஹோர்ன் அடிக்க வச்ச. ஒரு வார்த்த கதைச்சனா? ஒரு சின்னச் சுவிட்ச் போடத் தெரியாத உனக்குக் கராஜ் என்னத்துக்கு, மாமரம் என்னத்துக்கு? அந்தத் தேத்தண்ணி! உப்பு! ஒவ்வொரு நாளும் உப்பு! எனக்குத் தெரியாது எண்டா நினைச்சீங்க? இந்த ஊட்டுல சீனிப் போத்தலே இல்லயா?"

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிய சத்தம் கேட்டது. வளையல் சத்தமும் கூடவே ஓடியது.

ஹாஜியார் சாவியை மெல்ல விட்டுவிட்டுச் சைக்கிள் பக்கமாக ஓரடி ஒதுங்கினார். காலிதீன் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். ஆனால் அவர் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. பல்லெல்லாம் தெரிந்தது.

அபுல் ஹஸனின் கண்ணில் என்னவோ முட்டியது. துடைத்தான், மறுபடி முட்டியது. இத்தனை நாளும் எங்கே போயிருந்தது இது என்று அவனுக்கு விளங்கவில்லை. இனி இவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கலாம் என்று வாயைத் திறந்தான்.

திரை விலகியது. சுலைஹா உம்மா படியில் வந்து நின்றார். வெகுநேரம் ஊதியும் பிடிக்காத அடுப்பு பிடித்துக்கொண்டால் பார்ப்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"போதும் காலிதீன், அவர்ட ஊசிய நிமித்தி அவர்ட கையில குடுத்திட்டு, அலுமாரிக்குள்ள அண்டைக்கே வந்து கிடக்கிற புதுச் சுவிட்ச்ச எடுத்துப் பூட்டிவிடு, உன்ட தங்கச்சி ஸகியாக்குப் பாத்த மாப்பிள்ளைக்கு உசிரிரிக்கி."